கத்திரி வெயிலில் ரிமோட் பேசாமல் போனால்

இந்தப் பதிவைப் பாதியில் மூட வேண்டியிருந்தால், இந்த முதல் பத்தியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். ஃபில்டரைக் கழுவ ஸ்பிளிட் ஏசியின் முன்மூடியைத் தூக்குவீர்கள் இல்லையா, அதே மாதிரி ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உள்ளே, பெரும்பாலும் வலது பக்க ஓரத்தில், ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். சில மாடல்களில் ‘ஆட்டோ’ என்றும், சிலவற்றில் ‘மேனுவல்’ அல்லது ‘எமர்ஜென்சி’ என்றும் எழுதியிருக்கும். எதுவும் எழுதாமலும் இருக்கலாம். அதை ஒருமுறை அழுத்தி விட்டால் ரிமோட் இல்லாமலேயே ஏசி ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும்; சில மாடல்களில் நிறுத்துவதற்கு இன்னொரு முறையும் அழுத்த வேண்டியிருக்கும். விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் மெக்கானிக் சோதித்துப் பார்ப்பதற்கான வேறொரு ஓட்டம் பல மாடல்களில் தொடங்கிவிடும். அந்த ஓட்டம் அறையின் குளிரைப் பார்த்து நிற்காது.

இந்தப் பொத்தான் இருப்பதே தெரியாமல், ரிமோட் வேலை செய்யவில்லை என்று ராத்திரி முழுக்க வெந்து கிடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலூர் கோடையைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஊரைச் சுற்றிக் கல் மலைகள். பாலாற்றில் மணல்தான் தெரியும். சென்னைக்காரர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும். கடலிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மே மாதம் செய்தித்தாளில் வெயில் அடித்த ஊர்களின் பட்டியல் வந்தால் வேலூர் அதில் இருக்கும், 104, 106, 108 என்று பாரன்ஹீட் கணக்கில். பகலைவிட எனக்குப் பயம் ராத்திரியைப் பற்றித்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதை அறைக்குள் கக்கும். அறைக்காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் ஃபேன் சுற்றியும் பிரயோஜனம் குறைவு. வயதானவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்த காலம் போய், வீட்டுக்கு ஒரு அறையில் ஏசி, அதில் தாத்தாவும் ஆயாவும் படுத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்ட பிறகு, அந்த அறைக்கு ஒரே சாவி ரிமோட்தான். அது நின்றுபோவதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவன். அதனால் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் யார் வீட்டு ரிமோட் மக்கர் செய்தாலும் என்னிடம் வந்துவிடும். போன கோடையில் பக்கத்து வீட்டுப் பெரிம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

“தம்பி, இது இன்னான்னு பாரேன். டிவி ரிமோட்டு மாதிரியேதான் அமுக்குறேன். இதுல 24ன்னு காட்டுது, மேல ஒண்ணும் ஆவ மாட்டுது.”

“எங்க பார்த்து அமுக்கினீங்க பெரிம்மா?”

“படுத்துக்கினேதான். எழுந்துக்க முடியலப்பா, முட்டி வலி.”

அவர் கட்டிலில் படுத்தபடி அழுத்திக் காட்டச் சொன்னேன். ரிமோட்டின் மூக்கு போர்வைக்குள் இருந்தது. இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. டிவி ரிமோட்டும் ஏசி ரிமோட்டும் வேலை செய்கிற விதமே வேறு, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டிவி ரிமோட்டுக்கு நினைவு என்று ஒன்றும் கிடையாது. சத்தத்தைக் கூட்டு என்று பொத்தானை அழுத்தினால் ‘கூட்டு’ என்று மட்டும் போகும். இப்போது சத்தம் எவ்வளவு என்பது டிவிக்குத்தான் தெரியும். ஏசி ரிமோட்டில் திரை இருக்கிறது. எந்த மோடு, எத்தனை டிகிரி, ஃபேன் வேகம் என்ன, காற்று மேலும் கீழும் ஆட வேண்டுமா, டைமர் உண்டா, எல்லாம் ரிமோட்டுக்குள்ளேயே இருக்கும். நீங்கள் ஒரு டிகிரி குறைத்தாலும் பெரும்பாலான ரிமோட்டுகள் அந்தப் பட்டியல் முழுவதையும் மறுபடி அனுப்புகின்றன. அனுப்பியது மேலே போய்ச் சேர்ந்ததா என்பது ரிமோட்டுக்குத் தெரியாது. சுவரில் இருக்கும் யூனிட் பதில் அனுப்புவதே இல்லை. பேச்சு ஒருவழிதான்.

பெரிம்மா போர்வைக்குள் வைத்து அழுத்தினார். ரிமோட் ‘ஆன் ஆகிவிட்டது’ என்று தன் திரையில் காட்டியது, யூனிட்டுக்கு ஒன்றும் போகவில்லை. ஓடவில்லையே என்று இன்னொரு முறை சரியாக நீட்டி அழுத்தினார். இந்த முறை ரிமோட் அனுப்பியது ‘ஆஃப்’. யூனிட் ஏற்கெனவே ஆஃப். அதனால் மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. இப்படி மாறி மாறி அழுத்தினால் நல்ல ரிமோட்கூடச் செத்த ரிமோட் போலத்தான் தெரியும். திரையில் மோடும் ஃபேன் குறியும் இருந்தால் அது தன்னை ஆன் என்று நினைக்கிறது, மறைந்திருந்தால் ஆஃப். முதலில் ஆஃப் நிலைக்குக் கொண்டுவாருங்கள். யூனிட்டை நேராகப் பார்த்து ஒரே ஒரு முறை அழுத்துங்கள். கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டுங்கள்.

அந்தப் ‘பீப்’ சத்தத்தில்தான் பாதி விடை இருக்கிறது. பீப் கேட்டால் ரிமோட் நன்றாக இருக்கிறது, சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியும் குளிர் வரவில்லை என்றால் வேறு காரணம். பெரும்பாலும் அது காத்திருப்புதான். கம்ப்ரசர் நின்றவுடன் மறுபடி தொடங்கினால் அதன் மோட்டாருக்குக் கஷ்டம் என்பதால், சுமார் 3 நிமிடம் கழித்தே ஓட விடுவார்கள். ஸ்டெபிலைசரும் தன் பங்குக்குச் சில நிமிடம் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போய் வந்த ராத்திரிகளில் இந்த நேரத்துக்குள் பொறுமை இழந்து எல்லாப் பொத்தானையும் அழுத்தி, மோடு ‘ஃபேன்’ என்றோ ‘டிரை’ என்றோ மாறி, அப்புறம் காலைவரை வெறும் காற்று வாங்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். திரையில் பனித்துகள் குறி இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் குளிர் மோடு. சூரியன் குறி இருந்தால் வெப்ப மோடு, வேலூருக்கு அது தேவையே இல்லை.

எண்களிலும் ஒரு குழப்பம் வருகிறது. 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற நட்சத்திர முத்திரை பெற்ற ரூம் ஏசிகளில் தொடக்க வெப்பநிலை 24 டிகிரி என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது. பேட்டரி செல் மாற்றினவுடன் ரிமோட் 24 என்று காட்டினால் அது பழுதில்லை. இன்னொன்று, பல ரிமோட்டுகளில் கூட்டல், கழித்தல் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கணக்கு பாரன்ஹீட்டுக்கு மாறிவிடும், 24 போய் 75 வரும். குழந்தை கையில் கொஞ்ச நேரம் இருந்த ரிமோட்டில் இது சகஜம். மறுபடி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும். திரையில் பூட்டுக் குறி தெரிந்தால் அதுவும் குழந்தையின் கைவேலையாகத்தான் இருக்கும். பூட்டைத் திறக்கும் பொத்தான் சேர்க்கை மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் இருக்கும்.

பீப் கேட்கவில்லை என்றால் செல்லிலிருந்து தொடங்குங்கள். “செல்லு நல்லாத்தான் இருக்கு, திரையெல்லாம் பளிச்னு தெரியுதே” என்பார்கள். அந்தத் திரையை நம்பக் கூடாது. எழுத்துக் காட்டுவதற்குத் தேவைப்படுவது மிகச் சொற்பமான மின்சாரம். முன்னால் இருக்கும் எல்இடி துடிப்பாக எரிய அதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வேண்டும். மாடித் தொட்டியில் அடித்தண்ணீர் கிடக்கும்போது குழாயில் சொட்டும், ஷவரில் வராது, அந்தக் கதைதான். மீட்டர் வைத்துப் பார்த்து 1.4 வோல்ட் இருக்கிறதே என்று சொல்கிறவர்களும் உண்டு. வேலை கொடுக்காமல் அளந்தால் களைத்த செல்லும் நல்ல எண்ணையே காட்டும். இரண்டு செல்லையும் ஒன்றாக, ஒரே வகையில், புதிதாகப் போடுங்கள். பழசு ஒன்றும் புதுசு ஒன்றும் கலந்து போட்டால் பழசு சீக்கிரம் கசியும். சார்ஜ் செய்கிற செல் 1.2 வோல்ட்தான் என்பதால் சில ரிமோட்டுகளில் தூரம் குறையும்.

கசிந்திருந்தால் ஸ்பிரிங் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஆல்கலைன் செல்லிலிருந்து வருவது காரம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துப் போகும். மலிவான சாதாரணச் செல்லில் கசிவது அமிலப் பக்கம் சாய்ந்தது, அதற்கு ஆப்ப சோடா கரைத்த தண்ணீர். எதுவானாலும் சொட்டு அளவுதான், ஊற்றக் கூடாது. கடைசியில் செல்போன் சர்வீஸ்காரர்கள் ஐபிஏ என்று சொல்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். கையில் பட்டால் கழுவிவிடுங்கள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஐப்பசியில் ஏசியை நிறுத்தும்போதே செல்லைக் கழற்றி வைத்திருந்தால் இத்தனை வேலையும் இல்லை. நான்கைந்து மாதம் சும்மா கிடக்கும்போதுதான் கசிவு வருகிறது.

புதுச் செல் போட்டும் பீப் இல்லையா? ரிமோட் வெளிச்சம் விடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். கண் என்றால் செல்போனின் கண். ரிமோட் விடுவது அகச்சிவப்பு ஒளி, சுமார் 940 நானோமீட்டர் அலைநீளம், நமக்குத் தெரியாது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி இன்னும் ஏறியது. அப்படித்தான் இந்த ஒளி மனிதனுக்கு அகப்பட்டது. ராத்திரியில் எங்கள் ஊர்ச் சுவர்கள் கக்குவதும் இந்தக் குடும்பத்து ஒளியேதான், அலைநீளம் இன்னும் அதிகம். சூட்டின் வழியாகத் தெரியவந்த ஒளியை வைத்துக் குளிரைக் கூப்பிடுகிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அறையை இருட்டாக்குங்கள். செல்போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். ஊதாவும் வெள்ளையும் கலந்த மினுக்கல் தெரிந்தால் ரிமோட் பேசுகிறது. பின்பக்கக் கேமராக்களில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி வலுவாக இருக்கும், அதனால்தான் முன்கேமரா. முதலில் நன்றாக வேலை செய்கிற டிவி ரிமோட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் அந்தப் போனுக்கு இந்த ஒளி தெரியாது, வேறு போன் வாங்கிப் பாருங்கள்.

மினுக்கல் தெரிகிறது, யூனிட் கேட்கவில்லை என்றால் நடுவில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கை நழுவினால் உடையாமல் இருக்க ரிமோட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை பழுப்பேறி மங்கி, மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும். உருவிப் போட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள். காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டில் ரிமோட் காலையில் வேலை செய்யும், ராத்திரியில் வேலை செய்யும், சாயங்காலம் மட்டும் செய்யாது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்தேன். மேற்கு ஜன்னல் வழியாக இறங்குவெயில் நேராக யூனிட் முகத்தில் விழுந்தது. யூனிட்டுக்குள் இருக்கும் மூன்று கால் சென்சார் நொடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கும் ஒளியை மட்டுமே சேதியாக எடுத்துக்கொள்ளும். சாதாரண வெளிச்சத்தை அது பொருட்படுத்தாது. ஆனால் நேர்வெயில் கொட்டும்போது அதன் கண்ணே கூசிவிடும். திரைச்சீலையை இழுத்து மூடினோம், உடனே பீப். எலக்ட்ரானிக் சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் சில மட்டமான எல்இடி விளக்குகளும்கூட இப்படித் தொந்தரவு செய்யும். விளக்கை அணைத்து ஒருமுறை அழுத்திப் பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை.

மினுக்கலே தெரியவில்லை என்றால் ரிமோட்டைத் திறக்கலாம், பயப்பட ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது 3 வோல்ட்தான். சில ரிமோட்டுகளில் செல் அறைக்குள் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். மற்றபடி பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி நெம்பினால் கொக்கிகள் விட்டுக்கொடுக்கும். ஒன்றிரண்டு பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் இருந்தால், ரப்பர் விரிப்பின் அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் பொட்டிலும் அதற்கு எதிரே போர்டிலும் அழுக்கும் எண்ணெயும் படிந்திருக்கும். போர்டை ஐபிஏ தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பரை லேசாக மட்டும் துடையுங்கள், அழுத்தித் தேய்த்தால் கார்பன் உரிந்துவிடும். திரையில் எண்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தால் திரைக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் வரிவரியான ரப்பர் பட்டை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே விழுந்த பிறகு ஊமையான ரிமோட்டில் எல்இடியின் கால் பற்றவைப்பு விட்டிருக்கலாம், அல்லது துடிப்பைக் கணக்கு வைக்கும் சின்னக் கிரிஸ்டல் உடைந்திருக்கலாம். முன்னது சால்டரிங் வைத்தால் சரியாகும். பின்னதை மாற்றிக் கொடுக்கிற பழைய டிவி மெக்கானிக்குகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தால்தான் அந்தத் தொழில் இருக்கும்.

யூனிட் பக்கம் பழுது என்று எப்படித் தெரியும்? போன் கேமராவில் மினுக்கும் ரிமோட், வெயில் இல்லை, விளக்கு இல்லை, முன்மூடிக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஏசி ஓடுகிறது, ரிமோட்டுக்கு மட்டும் செவி சாய்க்கவில்லை. அப்படியானால் பெரும்பாலும் சென்சார் போர்டு, அல்லது அதற்குப் போகிற வயர் இணைப்பு. முதலில் ஏசியின் எம்சிபியை, அதாவது அதற்குக் கரண்ட் கொடுக்கிற தனி சுவிட்சை, இறக்கிச் சில நிமிடம் விட்டுப் போடுங்கள். கோடை மழை இடியோடு வந்து கரண்ட் துள்ளின மறுநாள், இது ஒன்றிலேயே பல யூனிட்டுகள் தெளிந்துவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். முன்மூடியைத் தூக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேறு எதையும் கழற்றாதீர்கள், உள்ளே இருப்பது வீட்டு மின்சாரம்.

வருகிறவரிடம் சென்சார் போர்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். என் மாமா வீட்டுக்கு வந்த ஒருவர் பையைக்கூடத் திறக்காமல் “மெயின் போர்டு போயிடுச்சு சார்” என்று பெரிய தொகை சொன்னார். மாமா எனக்குப் போன் போட்டார். பொத்தானில் ஓடுகிறதா என்று கேட்டேன், ஓடியது. அப்படி ஓடினால் மெயின் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. மறுநாள் வேறொருவர் வந்து திறந்தபோது சென்சார் வயர் செருகியிருந்த இடத்தில் எறும்பு கூடு கட்டியிருந்தது. சுத்தம் செய்து செருகினார், வேலை முடிந்தது. ஏழெட்டாயிரம் கொடுத்து போர்டு மாற்றிய வீடுகளில் எத்தனை வீட்டில் இப்படி எறும்போ பல்லியோ இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பொத்தானில் ஓடுகிறதா என்ற அந்த ஒரு கேள்வியை எல்லோரும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் சித்தப்பா மகன் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறான். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் அங்கே தங்குவார்கள். கொல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், வாரக்கணக்கில் இருப்பார்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் அறையில் ஏசி ஓடவில்லை என்றால் கூட இருப்பவர்கள் பதறிப்போய் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். இவன் கைச்சாடையிலும் தெரிந்த இந்தி, வங்காளியிலும் பேசிச் சமாளிப்பான். கவுண்டரில் எப்போதும் புதுச் செல்லும், பல கம்பெனி ஏசிகளுக்கும் பொருந்துகிற ஒரு யுனிவர்சல் ரிமோட்டும் வைத்திருக்கிறான். முதலில் மேலே போய்ப் பொத்தானில் ஏசியை ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் ரிமோட்டைப் பார்ப்பான். “நோயாளி படுத்துக்கினு இருக்கும்போது நான் நின்னு ரிமோட்ட நோண்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்ணா?” என்றான். அவனிடம் நான் கற்றுக்கொண்ட வரிசை அது.

யுனிவர்சல் ரிமோட் பற்றியும் அவன் சொன்னதையே சொல்கிறேன். மோடு, டிகிரி எல்லாம் அடங்கிய அந்தப் பட்டியலை ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு விதமாகக் கோர்த்து அனுப்புவதால், இந்த ரிமோட்டுக்குள் நூற்றுக்கணக்கில் கோடு (code), அதாவது ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு எண், இருக்கும். கம்பெனிக்கு உரிய எண்ணைப் போடலாம், அல்லது செட் பொத்தானைப் பிடித்துத் தானாகத் தேடவிடலாம். தேடும்போது ஏசி ஓடத் தொடங்கியதும் நிறுத்தி, அதோடு திருப்தி அடைந்துவிடாமல் டிகிரி, ஃபேன் வேகம், ஸ்விங் மூன்றும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் ஆகும், டிகிரி மாறாது என்றால் அது பக்கத்து மாடலின் கோடு, இன்னும் கொஞ்சம் தேடவிடுங்கள். ஷாவ்மி கம்பெனியின் பல போன்களில் தலைப்பக்கம் அகச்சிவப்பு விளக்கே இருக்கிறது, ஒரு ராத்திரியைத் தள்ள அது போதும். யுனிவர்சல் ரிமோட்டில் சரியான கோடு கிடைத்ததும் அந்த எண்ணைச் செல் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். செல் மாற்றும்போது சில ரிமோட்டுகள் அதை மறந்துவிடும், அப்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.